துரை உயிரோடு இருக்க வேண்டிய பத்து நாட்கள்

மைசூர் வட்டச் சாலையைக் கடக்க எங்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. காலை வேளை. ஹெப்பாள் பக்கம் போகும் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கும் முகங்கள். நான் விட்டுவந்த இடத்துக்குத்தான் அவர்கள் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

என் தோளில் போர்வைச் சுருட்டு. ஒரு சிமென்ட் சாக்கில் தட்டு, இரண்டு சட்டை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். பக்கத்தில் துரை.

துரை என்பது நாய். வயதான வேட்டை நாய். அது பஸ்ஸுக்குப் பயப்படவில்லை. பயம் எனக்குத்தான். பஸ் பின்பக்கமாக நகரும் சத்தம் கேட்டாலே சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போய்விடுவேன். ஏன் என்று இந்தத் தொடரின் முந்தைய வாரங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

சுக்கு

சுக்கு என்ற நாட்டு நாய் என்னோடு பன்னிரண்டு வருடம் நடந்தது. குட்டியில் காய்ந்து, சுருங்கி, மளிகைக் கடைச் சுக்குத் துண்டு மாதிரியே இருந்ததால் அந்தப் பெயர். கொள்ளேகால், மேட்டூர், குண்டல்பேட்டை என்று நான் வேலை தேடிப்போன இடமெல்லாம் கூடவே வந்தது. ஒரு ஊரை எனக்குப் பிடிக்காமல் போவதை எனக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். நான் போர்வையைச் சுருட்டுவதற்குள் வாசலில் போய் நிற்கும்.

கடைசியாக ஹெப்பாளில் ஒரு பழைய இரும்புக் குடோனில் சேர்ந்தபோது அதற்குக் காது போயிருந்தது. ஒரு நாள் காலை கேட் முன்னால் ஒரு பஸ் பின்பக்கமாக வந்தது. நான் அதன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஓடிப்போய் இழுத்திருக்க வேண்டும். கத்தினேன்.

குடோனுக்குப் பின்னால் புதைத்தேன். அங்கே மண் இல்லை, கட்டட இடிபாடுதான். கடப்பாரையால் குத்தியும் முழங்கால் ஆழத்துக்குமேல் போக முடியவில்லை. தெருநாய்கள் தோண்டாமல் இருக்க, சாக்கடை மூடும் உடைந்த சிமென்ட் பலகையை இழுத்து மேலே போட்டேன்.

பிறகு ஒரு மாதம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கேட் பக்கம் டீக்கடை வைத்திருந்த சரோஜாதான் அதைக் கவனித்தாள். அவள் குடும்பம் ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. வீட்டில் தமிழ் என்பாள். பாதி கன்னடமாக இருக்கும்; சாப்பாட்டை ஊட்டா என்பாள், இல்லையா என்பதற்கு அல்வா என்பாள்.

“ஏன்ணா, இன்னிக்கும் ஊட்டா இல்லையா?” என்று கேட்டு, நான் பதில் சொல்லும் முன்பே தட்டை வைத்துவிடுவாள். “செத்தது நாய்ணா. நீங்க இருக்கீங்க, அல்வா? இருக்கறவங்க தின்னுதான் ஆகணும்.”

அந்த மாதம் நான் உயிரோடு இருந்ததற்கு அவள் சோறுதான் காரணம். இதை இங்கேயே எழுதி வைக்கிறேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

கேட்காமல் விட்ட கேள்வி

துரை, கொள்ளேகாலுக்கு அப்பால் கர்நாடகத்துக்குள் இருக்கும் ராமாபுரத்து நாய். நான் பிறந்த ஊரும் அதுதான். அக்காள் வீட்டுக்காரரின் காரியத்துக்குப் போயிருந்தபோது, ஒரு மோட்டார் ரூம் பக்கத்தில் அது கட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். வெளுத்த சந்தன நிறம். உயரம். விலா எலும்பை எண்ணலாம். மூக்கைச் சுற்றி நரை. இடது காதைக் காட்டுப்பன்றி கிழித்து அது இரண்டு துண்டாகத் தொங்கியது. நான் அருகில் போனபோது குரைக்கவில்லை. பார்த்தது, அவ்வளவுதான்.

நாய் பழனியப்பனுடையது. எனக்குத் தூரத்து மாமன் முறை. ஒரு காலத்தில் முயலும் பன்றியுமாகப் பிடித்தவர். காட்டில் அவர் சத்தம் யாருக்கும் கேட்காது, நாயிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார் என்று ஊரில் பேச்சு. இப்போது பாரஸ்ட்காரர்கள் கெடுபிடி. அவரும் கால் வீங்கிக் கட்டிலில் இருந்தார்.

“ஏம்மாப்ள, நாய் வேணுமா?”

“வேண்டாமுங்க மாமா. ஒண்ணைப் பொதைச்சு ரெண்டு மாசந்தான் ஆச்சு.”

“வேண்டாம்னா வுட்டுரு. ஞாயித்துக்கெழம சோத்துல மாத்தர வெச்சுப்போடறேன்னு எம்பையன் சொல்லிட்டான். கேஸு கீஸு ஆயிருமாம்.”

“என்ன வயசுங்க?”

“ஒம்போதோ பத்தோ. உன்னையாட்டந்தான். இனி எதுக்கும் ஆகாது.”

வீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமை அது. ஞாயிறுக்கு ஒரு நாள்தான் நடுவில் இருந்தது.

என்ன தின்னும் என்று கேட்டேன். மனுசனைக் கடித்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். வெறிநோய் ஊசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. ஒன்றைப் பிடித்தால் எப்படி விடும் என்றும் கேட்கவில்லை. வேட்டை நாயை வாங்குகிறவன் முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்று இப்போது தெரிகிறது.

பஸ்ஸில் ஏற்றவில்லை. கொள்ளேகால் வரை தக்காளி வண்டியில் வந்தோம். மீதி தூரம் நடை.

முதல் சில வாரம் எனக்கு அதைப் பிடிக்கவில்லை. அது சுக்கு இல்லை. என் பக்கத்தில் படுக்காது, கதவோரம் முகத்தை வெளியே வைத்துப் படுக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடாது. தட்டை வைத்துவிட்டு முதுகைத் திருப்ப வேண்டும். இரண்டு பேரும் ஒரே அறையில் வாடகைக்கு இருப்பவர்கள் போல இருந்தோம். ஒரு நாள் நான் திரும்ப மறந்துவிட்டேன். அது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றது. அன்றைக்குத்தான் அதற்கு ஒரு பழைய சாக்கை விரித்துப் போட்டேன்.

பெருச்சாளி

டீக்கடைக்குப் பின்னால் கரிச் சாக்குகள் அடுக்கியிருக்கும். ஒரு பிற்பகல் சரோஜா ஒரு சாக்கை இழுத்தபோது அடியிலிருந்து பெருச்சாளி ஒன்று ஓடி அடுத்த சாக்குக்குள் புகுந்தது. குடோனில் லோடு ஏற்றும் கெம்பன், டீயைக் கையில் வைத்துக்கொண்டு துரையைச் சீண்டினான்.

“ஏய் துரை, ஹிடி, ஹிடி!”

கன்னடத்தில் ஹிடி என்றால் பிடி. துரை காதைக்கூட அசைக்கவில்லை. கெம்பன் என் தாடியைப் பார்த்துச் சிரித்தான். கன்னடத்தில் அவன் சொன்னது இது: “சாமியாருக்கு ஏத்த நாய்தான். உயிர்களைத் தொடாது.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஊரில் பேசிக்கொண்ட அந்த ஒரே வார்த்தை நினைவுக்கு வந்தது. மெதுவாகச் சொன்னேன்.

“பிடி.”

கிடந்த நாய் எப்போது எழுந்தது என்று நான் பார்க்கவில்லை. பெருச்சாளி புகுந்த சாக்கைச் சரோஜா அப்போதுதான் கையில் தூக்கினாள். துரையின் வாய் சாக்கோடு சேர்த்து அவள் வலது மணிக்கட்டில் மூடியது.

“பிடு!” என்று அலறினாள். “பிடு! பிடு!”

கன்னடத்தில் பிடு என்றால் விடு.

கெம்பனும் பிடு என்றான். சரோஜாவின் தம்பி ரவி சரக்கு ஆட்டோவிலிருந்து குதித்து ஓடிவந்து பிடு பிடு என்று நாயின் விலாவில் மிதித்தான். நானும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “பிடு துரை, பிடுடா” என்று கத்தினேன். ஒவ்வொரு தடவையும் தாடை இன்னும் இறுகியது. அது உதறவில்லை, உறுமவில்லை. கடித்தபடி அசையாமல் நின்று என்னையே பார்த்தது. நான் இரும்புக் கம்பியைப் பல்லிடுக்கில் விட்டு நெம்பினேன். கம்பி வழுக்கியது.

பிறகு சரோஜா மயங்கிச் சரிந்தாள். எல்லோரும் ஒரு நொடி பேச்சில்லாமல் நின்றோம். சத்தம் நின்றதும் துரை தானாக வாயைத் திறந்து விலகி உட்கார்ந்தது.

ஒரு எழுத்து

நான் ராமாபுரத்துப் பள்ளியில் ஏழாவது வரை படித்தது கன்னடம். தமிழ் வீட்டில் பேசியது. எழுத்தைப் பின்னால் சினிமா போஸ்டரிலும் வடை மடித்துத் தந்த தாள்களிலும் கூட்டிக்கூட்டிக் கற்றுக்கொண்டேன். இந்தத் தொடரில் நான் செய்யும் பிழைகளைப் பத்திரிகைக்காரர்கள்தான் திருத்துகிறார்கள். மைசூர்ப் பக்கம் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எண்ணுவது, திட்டுவது, பதறுவது மூன்றும் எனக்குக் கன்னடமாகிவிட்டன.

அன்று அந்தக் கடைக்குப் பின்னால் நான்கு பேர் இருந்தோம். அதில் மூன்று பேர் தமிழர்கள். ஒருவர் வாயிலும் விடு என்ற சொல் வரவில்லை.

துரை பழனியப்பனிடம் தமிழில் பழகிய நாய். கத்துகிற கூட்டத்தில் பிடுவுக்கும் பிடிக்கும் உள்ள வித்தியாசம் அதற்கு எங்கே தெரியும்? நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து, விடாதே, பிடி, பிடி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அது சொன்னபடி கேட்டது.

இது எனக்கு அன்றே விளங்கவில்லை. ஐந்தாம் நாள்தான் விளங்கியது.

பத்து நாள்

அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டார்கள். ஊசி போட்டார்கள். மணிக்கட்டில் நரம்பு அறுந்திருக்கிறது, இரண்டு விரல் மடங்காது என்றார்கள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று டாக்டர் என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“ஊசியை ஒண்ணுகூட விடாம போட்டுக்கணும். நாயைப் பத்து நாள் கட்டி வெச்சுப் பாருங்க. நல்லா இருந்தா வெறிநோய் பயம் இல்லை. நோய் வந்தாலோ செத்தாலோ உடனே வந்து சொல்லணும்.”

திரும்பி வந்தபோது ரவி கடப்பாரையோடு குடோன் வாசலில் நின்றான். அந்தக் கடப்பாரையை எனக்குத் தெரியும். சரோஜா ஆட்டோவிலிருந்து இறங்கி, கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

“பேட கணோ ரவி. வேண்டாம்டா. பத்து நாள் அது உசுரோட இருக்கணும். அதைக் கொன்னுட்டா எனக்கு என்ன ஆகும்னு யாருக்குடா தெரியும்?”

“பதினோராவது நாள்?”

“அது உன் இஷ்டம்.”

குடோன் முதலாளியும் அதையே சொன்னார். பத்து நாள் இரு, பிறகு நாயும் நீயும் இங்கே இருக்கக் கூடாது.

எடைமேடைக்குப் பக்கத்துக் கொட்டகையில் சங்கிலியால் கட்டினேன். நானும் அங்கேயே படுத்தேன். தினமும் காலையில் சரோஜா வருவாள். பத்தடி தள்ளி நிற்பாள்.

“தின்னுச்சா?”

“தின்னுச்சு.”

“தண்ணி?”

“குடிச்சுது.”

“குடிச்சதை நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன் சரோஜா.”

பிறகு இடது கையால் ஒரு பன்னைத் தூர இருந்தே வீசிவிட்டுப் போவாள். தன்னைக் கடித்த நாய் பட்டினி கிடக்கக் கூடாது என்ற கவலை அவளுக்கு என்னைவிட அதிகம். அது பாசம் இல்லை. அவள் உயிர் அந்த நாயின் வயிற்றில் இருந்தது.

ஐந்தாம் நாள் துரை தின்னவில்லை.

தண்ணீரில் மூக்கை வைத்து எடுத்துக்கொண்டது. வாயோரம் எச்சில் வழிந்தது. சரோஜா பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். அன்று கடை திறக்கவில்லை. ரவி வந்து, “அக்கா சாமி முன்னால உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்கறா” என்றான். அவன் கையில் அன்று கடப்பாரை இல்லை. அழுதிருந்தான்.

நான் பழனியப்பனுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“யார்ரா அந்தப் புள்ளையச் சாக்குத் தூக்கச் சொன்னது?”

“நான்தான் மாமா பிடின்னு சொன்னேன்.”

“சொன்னா புடிக்கும். வுடறதுக்குச் சொன்னியா?”

“பிடுன்னு கத்துனோம். எல்லாரும் கத்துனோம்.”

“அட கேணப்பயலே. பிடு, பிடின்னு கத்துனா அது என்ன பண்ணும்? போதுஞ்சாமின்னு சொல்லோணும். மெதுவாச் சொன்னாப் போதும். கீழ வெச்சுரும்.”

போனை வைத்தேன். துரையின் பக்கத்தில் உட்கார்ந்து, “போதுஞ்சாமி” என்றேன். அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. வாய் லேசாகத் திறந்தது. உள்ளே கையை விட்டேன். நோய் இருந்தால் எனக்கும் வரும் என்று தெரிந்துதான் விட்டேன். பின்பக்கத்துக் கடைவாய்ப் பல் பாதியாக உடைந்து, ஈறு வீங்கி, சீழ் வைத்திருந்தது. நான் கம்பியால் நெம்பியபோது உடைந்த பல்.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து பல்லைப் பிடுங்கினோம். பன்னைப் பாலில் குழைத்து வைத்தேன். சாயந்திரம் ஆகும்போது துரை அதை நக்கித் தின்றது. நான் சரோஜா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்று, “தின்னுச்சு, தின்னுச்சு” என்று கத்தினேன். உள்ளே ஏதோ பாத்திரம் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் அழுகிற சத்தம்.

பத்தாம் நாள் சாயந்திரம்

அன்று அவள் பத்தடி தள்ளி நிற்கவில்லை. கொட்டகை வாசலில் ஒரு டின்மேல் உட்கார்ந்தாள். கட்டு சிறியதாகியிருந்தது. சுண்டு விரலும் அடுத்ததும் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன. டீ வடிகட்டியை இடது கையால் பிடிக்கப் பழகுகிறாள் என்று ரவி சொல்லியிருந்தான். பாதி டீ கீழேதான் போகிறதாம்.

நான் அந்த வார்த்தையைப் பற்றிச் சொன்னேன். பிடி, பிடு, போதுஞ்சாமி எல்லாம்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள்.

“அப்போ நானேதான் சொல்லியிருக்கேன். பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோன்னு.”

“தப்பு என்னுது சரோஜா.”

“உங்களுதுதான். நான் இல்லேன்னு சொன்னேனா?”

துரை அவளைப் பார்த்து வாலை ஒரு தடவை ஆட்டியது. அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“நாளைக்கு வெளிச்சம் வந்ததும் போயிடுங்கண்ணா. ரவி கேக்க மாட்டான்.”

“சரி.”

“எனக்குக் கோபம் இல்லை. ஆனா இந்தக் கையைப் பாக்கறப்போ எல்லாம் அதையும் பாக்க முடியாது. உங்களையும் முடியாது.”

எழுந்து போய்விட்டாள். சுக்கு செத்தபோது தட்டு வைத்தவள். அவளுக்கு நான் திருப்பிக் கொடுத்தது அந்த இரண்டு விரல்.

ரவியிடம் நாயைக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டு அங்கேயே இருந்திருக்கலாம். அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். அன்று படுத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தேன். நாயா, சோறு போட்டவளா என்று கேட்டால் எந்த மனிதனுக்கும் பதில் தெரியும். ஆனால் நான் சொன்னதைத் தவிர அந்த நாய் வேறொன்றும் செய்யவில்லை.

கரும்புப் பக்கம்

அப்படித்தான் அந்தக் காலை வட்டச் சாலையைக் கடந்தோம். ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் ரோட்டைப் பிடித்து நடந்தோம். துரைக்கு விலாவில் ரவி மிதித்த இடம் இன்னும் வலித்தது. மரம் கண்ட இடமெல்லாம் நின்றோம். யாராவது எதிரே வந்தால் நான் சங்கிலியைச் சுருட்டிக் கையில் இறுக்கினேன். வழியில் இரண்டு பேர் முகவரி கேட்டார்கள். பதில் சொல்லாமல் தள்ளி நடந்தேன். வாயைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை, ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்றில் போய் வேலை கேட்டேன். முதலாளி சிவண்ணா என்னைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்தார். அவர் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

“இது வேட்டை நாய்தானே?”

“இல்லைங்க.”

“காது கிழிஞ்சிருக்கே. பன்னி கிழிச்சதுதானே?”

“முள்வேலியில மாட்டிக் கிழிஞ்சதுங்க.”

“கரும்புக்குள்ள பன்னி தாங்க முடியலை. பரண் இருக்கு. கூரை இருக்கு. நாயோட உட்கார்ந்து காவல் இருந்தாப் போதும். பன்னி வந்தா ஏவி விடு. இதைவிடச் சுகமான வேலை இந்தப் பக்கம் கிடைக்காது.”

“அதுக்குப் பல்லே இல்லைங்க. கிழடு. ஒண்ணையும் பிடிக்காது.” பிடி என்ற சொல் வராமல், அதையும் கன்னடத்தில்தான் சொன்னேன்.

“அப்போ அடுப்பு வேலைதான் இருக்கு. சக்கை தள்ளணும். ரெண்டு நாளுக்குமேல அங்கே யாரும் நின்னதில்லை.”

“நிக்கறேங்க.”

“பைத்தியமாய்யா நீ?” என்றார். பிறகு நீளமான கவைக்கோல் ஒன்றைக் காட்டினார்.

துரையைக் கொட்டகைக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம், வேப்ப மரத்தில் கட்டினேன். பிறகு அடுப்பு வாய்க்கு முன்னால் குனிந்து, காய்ந்த கரும்புச் சக்கையை உள்ளே தள்ள ஆரம்பித்தேன். தள்ளத் தள்ள நெருப்பு வெளியே நாக்கு நீட்டியது. மதியச் சோற்றுக்கு உட்காரும்போது என் முன்னங்கைகள் இரண்டிலும் ஒரு முடிகூட இல்லை.